உண்கல விளம்பரங்களும் பிரிந்த ஏடுகளும்

மட்கல ஓட்டைக் கொண்டு ஓர் ஊரின் காலத்தை அறுதியிடும் முறை வரலாற்றறிஞர்க்குப் புதியதன்று. அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வாய்வில் காலத்தைக் காட்டும் கருவியாக நின்றவை இத்தாலிய நாட்டுச் சிவப்பு மெருகுக் கலங்களின் துண்டுகளே. எனினும், ஓடு சொல்லாத செய்திகளும் உள. அக்கலத்தை விற்றவன் என்ன கூறி விற்றான், வாங்கியவள் எதனை விரும்பி வாங்கினாள் என்பவற்றை ஓட்டைக் கொண்டு அறிதல் இயலாது. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க உண்கலங்களைப் பொறுத்தவரை இக்குறையை நிரப்பும் சான்று ஒன்று உண்டு. அந்நாட்டு இதழ்களில் வெளிவந்த பீங்கான் உண்கல விளம்பரங்களே அவை. அவற்றை ஏடு ஏடாகத் திரட்டி வைக்கும் ஆர்வலர் பலர் அங்கு உள்ளனர். அவ்வேடுகள் வரலாற்றுக்கு எத்துணைப் பயன்படும் என்பதையும், திரட்டும் செயலே அப்பயனை எங்ஙனம் குறைத்துவிடுகின்றது என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

பீங்கான் என்னும் சொல் பாரசீக வழியாக நம் மொழிக்கு வந்தது. பொருளோ சீனத்தினின்று வந்தது. அமெரிக்கர்க்கும் அது நெடுங்காலம் அயல்நாட்டுப் பொருளாகவே இருந்தது. நல்ல உண்கலம் என்றால் இங்கிலாந்து அல்லது பிரான்சு என்பதே அவர்தம் எண்ணம். டேவிட் ஹேவிலண்டு என்னும் அமெரிக்க வணிகர் 1842-இல் பிரான்சு நாட்டு லிமோஜ் நகருக்கே குடிபெயர்ந்து, அமெரிக்கச் சந்தைக்கென அங்குக் கலங்கள் செய்விக்கலானார். வால்ட்டர் ஸ்காட் லெனாக்ஸ் 1889-இல் நியூ ஜெர்சி மாநிலத்து டிரென்டனில் தொழிற்சாலை தொடங்கியபோது அவர் எதிர்த்து நிற்க வேண்டியிருந்தது இவ்வெண்ணத்தையே. குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் காலத்தில், 1918-இல், வெள்ளை மாளிகை லெனாக்ஸ் கலத்தொகுதியை ஏற்றது. அம்மாளிகைக்கெனச் செய்யப்பட்ட முதல் அமெரிக்கப் பீங்கான் தொகுதி அதுவே. மாளிகை ஏற்றது, இனி மணப்பெண் ஏற்க வேண்டும். அதற்குரிய களமாக அமைந்தவை மகளிர் இதழ்களும் இல்ல இதழ்களும் ஆம். லேடீஸ் ஹோம் ஜர்னல் 1883-இலும், குட் ஹவுஸ்கீப்பிங் 1885-இலும், ஹவுஸ் பியூட்டிபுல் 1896-இலும் தோன்றின. மணமகளிர்க்கென்றே பிரைட்ஸ் என்னும் இதழ் 1934-இல் எழுந்தது.

இவ்விதழ்களின் விளம்பரங்களைக் காலமுறையில் அடுக்கிப் பார்ப்போர்க்கு விற்பனை முறையில் நேர்ந்த மாற்றம் ஒன்று தெற்றெனப் புலனாகும். முழுத்தொகுதியை ஒருங்கே வாங்குமாறு கூறும் வழக்கம் படிப்படியாகத் தளர்ந்து, ஒருவர் உண்பதற்குரிய ஐந்து கலங்களைக் கொண்ட சிறு தொகுதிக்கு விலை கூறும் வழக்கம் ஓங்கியது. பெருந்தட்டு, காய்க்கலவைத் தட்டு, ரொட்டித் தட்டு, கோப்பை, அதன் அடித்தட்டு என்பன அவ்வைந்து. திருமணத்திற்கு வரும் உறவினர் ஒவ்வொருவரும் ஒரு சிறு தொகுதியை வழங்கினால் மணப்பெண்ணின் நிலைப்பேழை நிறைந்துவிடும். செல்வர்க்கு மட்டும் உரியதாயிருந்த கலம் நடுத்தரக் குடும்பத்திற்குள் புகுந்த வழி இதுவே. ஆயினும், இவ்விளம்பரங்களை அக்கால மக்களின் உணவு மேசையைக் காட்டும் கண்ணாடி என்று கொள்ளுதல் பிழையாகும். மக்கள் எதில் உண்டனர் என்பதை அவை காட்டா. எதில் உண்ண விரும்புமாறு செய்யப்பட்டனர் என்பதையே காட்டும்.

ஏட்டின் காலத்தை அறிதல் அடுத்த சிக்கல். திரட்டுவோர் கைக்கு வரும் ஏடுகளிற் பல ஆண்டும் திங்களும் அற்றவை. இதழ்ப்பெயர்கூட இல்லாதனவும் உண்டு. அந்நிலையில் அகச்சான்றே துணை. நாள் குறியாத சுவடியைச் சொல்லாட்சி கொண்டு ஆராய்தல்போல, விளம்பர ஏட்டை வண்ணம் கொண்டு ஆராயலாம். இதற்குத் தக்க சான்று பியஸ்டா என்னும் கலவகையாகும். மேற்கு வர்ஜீனியா மாநிலத்து நியூவெல் என்னும் ஊரில் இருந்த ஹோமர் லாப்லின் நிறுவனம் 1936-இல் இதனை வெளியிட்டது. வடிவமைத்தவர் ஆங்கில நாட்டில் பிறந்த பிரெடரிக் ரெட். இது மெல்லிய பீங்கான் அன்று. எளிய இல்லங்களுக்கான தடித்த கலம். பூவேலை ஏதுமின்றி நிறமே அழகாக அமைந்தது. முதலில் செம்மை, கருநீலம், இளம்பச்சை, மஞ்சள், தந்த வெண்மை என ஐந்து நிறங்கள். சிறிது பின்னர் நீலப்பச்சை ஆறாவதாகச் சேர்ந்தது. இவற்றுள் செந்நிறக் கலத்திற்கு மட்டும் விலை கூடுதல். அதன் மெருகில் யுரேனிய ஆக்சைடு சேர்ந்திருந்தது.

போர்க்காலத்தில் அணுகுண்டுப் பணிக்காக அமெரிக்க அரசு யுரேனியத்தைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டது. ஆதலின் 1943-இல் செந்நிறக் கலம் நின்றது. அதனை உருவாக்கிய ரெட் அதற்கு முந்திய ஆண்டிலேயே மறைந்துவிட்டார். பின்னர் 1951-இல் கருநீலம், இளம்பச்சை, தந்த வெண்மை மூன்றும் நீங்க, ரோசா, சாம்பல், காட்டுப்பச்சை, மஞ்சட்பச்சை என்னும் நான்கும் புகுந்தன. செம்மை 1959-இல் மீண்டது. இம்முறை அதில் சேர்ந்தது வலுக்குறைந்த யுரேனியம். அவ்வாண்டிலேயே 1951-இன் நான்கு நிறங்களும் நீங்கி, நடுத்தரப் பச்சை ஒன்று வந்தது. இவ்வரலாற்றை அறிந்தார்க்குப் பெயரற்ற ஏடும் பேசும். செம்மையும் தந்த வெண்மையும் ஒருங்கே விற்பனைக்குரியனவாகக் காட்டப்பெறின் அவ்வேடு 1943-க்குப் பிற்பட்டதாதல் அரிது. சாம்பல் நிறம் காணப்பெறின் 1951-க்கு முற்பட்டதன்று. செம்மையுடன் நடுத்தரப் பச்சை நிற்பின் 1959 அல்லது அதற்குப் பின் எனத் துணியலாம். பழைய பியஸ்டாவின் ஆக்கம் 1973-இல் நின்றது. 1986-இல் அப்பெயரில் கலங்கள் மீண்டும் வெளிவரலாயின.

முகவரியும் ஒரு சான்றே. பெருநகரங்களுக்கு அஞ்சல் வட்ட எண் வழங்கும் முறை அமெரிக்காவில் 1943-இல் தொடங்கிற்று. ஐந்திலக்க அஞ்சற் குறியீடு 1963-இல் வந்தது. நியூயார்க் என்னும் பெயரை அடுத்து ஓரெண்ணோ ஈரெண்ணோ நிற்குமாயின் அவ்விளம்பரம் பெரும்பாலும் இவ்விருபது ஆண்டுகட்கு இடைப்பட்டது எனக் கொள்ளத் தடையில்லை. சிற்றூரில் இருந்த தொழிற்சாலைகளின் விளம்பரங்களுக்கு இவ்வளவை பயன்படாது.

சொல்லாராய்ச்சி செய்வார்க்கும் இவ்வேடுகளில் விருந்து உண்டு. ஒஹையோ மாநிலத்து ஸ்டூபன்வில் தொழிற்சாலை 1939 முதல் 1959 வரை ஆக்கிய அமெரிக்கன் மாடர்ன் என்னும் கலவகைக்கு ரசல் ரைட் வடிவம் தந்தார். அதன் நிறப்பெயர்களுள் ஒன்று சார்ட்ரூஸ் கறி. மற்றொன்று பிளாக் சட்னி. முன்னது பசுமை கலந்த மஞ்சள், பின்னது கருமை. பிரெஞ்சுத் துறவியர் வடித்த மதுவின் பெயரோடு நம் கறி இணைந்து, ஒஹையோவில் சுட்ட தட்டின் நிறமாயிற்று! சங்கச் செய்யுளில் மிளகைக் குறித்த அச்சொல் ஆங்கிலம் புகுந்து குழம்பைக் குறித்தது. குழம்பினின்று வண்ணமாகவும் மாறியது. ஆங்கில அகராதிகளில் இவ்விறுதிப் பொருளைத் தேடின் காண்டல் அரிதாகலாம். விளம்பர ஏட்டில் அஃது உண்டு.

இத்தகைய சான்றுகள் நமக்கு வந்து சேர்ந்த வழி வருந்தத்தக்கது. ஹார்ப்பர்ஸ், ஸ்க்ரிப்னர்ஸ் முதலிய இலக்கிய இதழ்களில் விளம்பரங்கள் முன்னும் பின்னும் தனிப் பக்க எண்ணோடு அமைந்திருந்தன. நூலகங்கள் அவ்விதழ்களைக் கட்டடம் செய்யும்போது அப்பக்கங்களை நீக்கிவிட்டன. எஞ்சியது இலக்கியம் என்பது அவர்தம் கருத்து. இதனை ஆவணத்தில் விழுந்த துளை என்றே ராபர்ட் ஷோல்ஸ், கிளிபர்டு வுல்ப்மன் ஆகிய இருவரும் 2010-இல் வெளியிட்ட தம் நூலில் குறித்தனர். திரட்டுவோர்க்கு விற்கும் வணிகர் செய்வதோ இதற்கு நேர்மாறானது. முழு இதழுக்குக் கிட்டும் விலையினும் அதனைப் பிரித்துத் தனித்தனி ஏடாக விற்பதில் வருவாய் மிகுதி. எனவே கட்டடத்தை அறுத்து, விளம்பரத்தை உறையிலிட்டு, எஞ்சியதைக் கழித்துவிடுகின்றனர். ஒருவர் விளம்பரத்தை எறிந்து கதையைக் காத்தார்; மற்றவர் கதையை எறிந்து விளம்பரத்தைக் காத்தார். இரு பகுதியும் எங்கோ உள என்று அமைதி கொள்ளவும் இயலாது. அவை ஒன்றோடொன்று பொருந்துவன அல்ல.

மகளிர் இதழ்களில் இக்கேடு இன்னும் ஆழமானது. கதை முன்பக்கத்தில் தொடங்கி, இறுதிப் பக்கங்களுக்கு ஓடி, ஆங்கே விளம்பரங்களுக்கு இடையில் ஒடுங்கிய பத்தியில் முடியும். வாசகி விளம்பரத்தைக் காணாமற் கதையை முடித்தல் கூடாது என்பதே அவ்வமைப்பின் நோக்கம். எனவே பீங்கான் ஏட்டைக் கிழிப்பவர் கதையின் முடிவையும் உடன் கிழிக்கின்றார். மணமுடிக்கும் கதை எத்தகைய கலத்தின் படத்தருகே முடிந்தது என்பது இலக்கிய ஆராய்ச்சிக்கும் வேண்டிய செய்தியே. அதனைப் பிரிந்த ஏடு ஒருநாளும் முழுமையாகத் தராது.

நம் நாட்டிலும் இதனை ஒத்த வழக்கம் ஒன்று இருந்ததை நாம் அறிவோம். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த பொன்னியின் செல்வன் போன்ற தொடர்கதைகளை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்துக் கட்டடம் செய்து வைத்த இல்லங்கள் பல. அக்கட்டடங்களில் கதைக்குப் பின்பக்கத்தில் சோப்பு விளம்பரமும் தைல விளம்பரமும் தாமாகவே தங்கிவிட்டன. காக்க எண்ணாதது காக்கப்பட்டது. அமெரிக்க ஏடுகளிலும் பின்பக்கமே பல வேளைகளில் நமக்குத் துணை. பீங்கான் படத்தின் மறுபுறத்தில் உள்ள கதைத் துணுக்கைக் கொண்டு இதழையும் திங்களையும் கண்டறிதல் கூடும். இதனை உணராமல் ஏட்டை அட்டையில் ஒட்டிச் சட்டமிடுவோர் அச்சான்றையும் அழித்துவிடுகின்றனர்.

நுண்படச் சுருள்கள் போதாவோ எனச் சிலர் வினவலாம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நூலகங்கள் இதழ்களைக் கருப்பு வெள்ளைச் சுருள்களாக்கி மூலத்தைக் கழித்தன. நிக்கல்சன் பேக்கர் 2001-இல் டபிள் போல்டு என்னும் நூலில் இச்செயலைக் கடுமையாகச் சாடினார். பிற ஆராய்ச்சிக்குச் சுருள் ஓரளவு உதவலாம். நிறமே காலக்குறியாக நிற்கும் உண்கல விளம்பரத்திற்கு அது பயன்படாது. பியஸ்டாவின் செம்மையும் கருநீலமும் அதில் ஒரே கருமையாகத் தோன்றும். அண்மைக் காலத்து வண்ணப் பதிவுகள் இக்குறையை நீக்குவன. ஆனால், எண்ணிலக்கப் பதிவுக்கும் முழு இதழ் வேண்டுமே!

தாளின் இயல்பும் கருதத்தக்கது. பளபளப்பான இதழ்த் தாளின் மேற்பூச்சில் பெரிதும் பயன்பட்டது வெண்களிமண். பீங்கானுக்கு அடிப்படையான களிமண்ணும் அதுவே. இம்மண் சூளையில் வெந்து நீர் புகாக் கலமாகிறது. தாளிலோ நனைந்தால் பூச்சு இளகி, ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரிக்க முயன்றால் படம் உரியும். ஆதலின் ஈரம் புகாமற் காத்தலும், ஒட்டுநாடா இடாமையும், அமிலமற்ற தாளிடையே வைத்தலும் இன்றியமையாதன.

ஏடு திரட்டுவார்க்கு நாம் கூறவேண்டுவது சிறிதே. இதழ் முழுமையாகக் கிட்டின் அதனைப் பிரித்தல் வேண்டா. பிரிந்த ஏடே கிட்டின் இதழ்ப்பெயர், திங்கள், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றுள் அறிந்ததை மென்கரிக்கோலால் ஓரத்தில் குறித்து, அறிந்தது எச்சான்றால் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். பின்பக்கத்தையும் படமெடுத்து வைத்தல் நலம். லெனாக்ஸ் நிறுவனம் வட கரோலினா மாநிலத்துக் கின்ஸ்டனில் நடத்திய பீங்கான் தொழிற்சாலையும் 2020-இல் மூடப்பட்டது.