எறிந்தது கல்லா, பாறையா?

கொஞ்ச வருஷம் முன்னாடி ஓர் அமெரிக்கக் கதையை மொழிபெயர்த்துப் பார்த்தேன். அதில் ஒரு பொடியன் நாயைப் பார்த்து 'ராக்' எறிகிறான். அகராதியில் ராக் என்றால் பாறை. நானும் "பாறையை எடுத்து எறிந்தான்" என்று எழுதிவிட்டேன். படித்த நண்பர் கேட்டார்: "பையன் பேரு பீமனா?"

'ஸ்டோன்' ஆங்கிலத்தின் சொந்தச் சொல். ஜெர்மன் 'ஷ்டைன்' அதற்குப் பங்காளி முறை. 'ராக்' வெளியிலிருந்து வந்தது. மத்தியகால லத்தீனின் 'ரொக்கா', வடபிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் வேர்விட்டது. மலையோ கடற்பாறையோ, இருந்த இடத்தில் அசையாமல் நிற்பது ராக். எடுத்து எறிவது, செதுக்குவது, கட்டுவது ஸ்டோன். அதனால்தான் ஜிப்ரால்டர் குன்று ராக். மனிதர் இழுத்துவந்து நட்ட ஸ்டோன்ஹெஞ்சின் பெயரிலேயே ஸ்டோன். (பிரிட்டனில் ஆள் எடை சொல்லும் 14 பவுண்டு அளவுக்கும் ஸ்டோன்தான் பேர். எடைக்கல் காலத்து மிச்சம்.) அமெரிக்காவில் இந்த வரப்பு அழிந்துபோச்சு, கையில் எடுக்கிற கல்லும் அங்கே ராக். என்னைக் கவிழ்த்தது அதுதான்.

நிலவியலாளர்களுக்கு ராக் என்பது பொருள், அளவு முக்கியமில்லை. உடைந்து உருண்ட துண்டுகளுக்குத்தான் அளவுப்படி பேர். ஒருத்தர் 'பெபிள்' என்றதை இன்னொருத்தர் 'காபிள்' என்றால் ஆய்வுகளை எப்படி ஒப்பிடுவது? உட்டன் 1898-இல் போட்ட அளவுகோலைத் திருத்தி, 1922-இல் வென்ட்வொர்த் எல்லை வகுத்தார்: 4 முதல் 64 மில்லிமீட்டர் வரை பெபிள், 256 வரை காபிள், அதற்கு மேல் 'போல்டர்'.

இந்தக் கணக்கில் மாட்டுகிற பெரிய ஆள், மாசசூசெட்ஸ் கரையிலுள்ள 'பிளிமத் ராக்'. 1620-இல் குடியேறிகள் கால்வைத்த இடம் என்பார்கள். ஆனால் அந்தக் குடியேற்றத்தின் ஆளுநர் பிராட்ஃபோர்டு எழுதிய வரலாற்றில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1741-இல், அங்கே படகுத்துறை கட்டப் போகிறார்கள் என்று கேட்டு, 94 வயது தாமஸ் ஃபான்ஸ் சொன்ன பிறகுதான் கதை கிளம்பியது. 1774-இல் நகர்த்தப் போய் இரண்டாகப் பிளந்தது. மேல்பாதியை மட்டும் ஊருக்குள் கொண்டுபோனார்கள். நினைவுப்பொருளாகக் கொத்தி எடுத்தவர்கள் வேறு! 1880-இல் இரண்டையும் ஒட்டவைத்து 1620 என்று செதுக்கினார்கள்.

அசையாததற்கு அடையாளமாகப் பேர்வாங்கிய அந்த ராக், பனியுகத்தில் பனிப்பாறை உருட்டிக்கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன ஒரு போல்டர்.