சட்டாம்பிள்ளையும் பிரம்பும்

சென்ற ஆண்டு விழாவில் சிறுவர் நாடகம் நடந்துகொண்டிருந்தது. பின்வரிசைப் பிள்ளைகளின் கூச்சல் பொறாத பெரியவர் ஒருவர் நம்மைப் பார்த்து, “வாத்தியார் கையில் பிரம்பு இருந்த வரையில் இப்படியா இருந்தது?” என்று கேட்டார். அருகிலிருந்தோர் தலையசைத்தனர். நாமும் அசைத்தோம். ஆனால் வீடு திரும்பிய பிறகு அக்கேள்வி நம்மை விடவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வே அலுவலகத்தில் கோப்புக் கட்டும் நமக்குச் சரித்திரம் எழுதும் தகுதி உண்டென்று சொல்லமாட்டோம். எனினும் ஓய்வு நேரங்களில் படித்தறிந்ததை அன்பர்கள் முன் வைக்கத் துணிகிறோம்.

நம் முன்னோர் படித்தது திண்ணைப் பள்ளிக்கூடத்தில். சென்னை மாகாண கவர்னர் சர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டுத் திரட்டிய கணக்கின்படி அம்மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். அவருள் பெண்மக்கள் மிகச் சிலரே. அக்கணக்குக்காகப் பல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை படிக்கச் சுவையானது. அவர் ஜில்லாவில் 533 பள்ளிகள், 6,641 பிள்ளைகள். காலை ஆறு மணிக்கே பள்ளி தொடங்கிவிடும். முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வந்தவன் கையில் ஒரு சுழி. புகழுமில்லை, இகழுமில்லை என்பது அதன் பொருள். மூன்றாமவனுக்கு மெல்ல ஓரடி, நான்காமவனுக்கு இரண்டு, அவ்வாறே ஏறிக்கொண்டு போகும். இருபதாவதாக வந்த பிள்ளையின் கதியை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆபீசுக்குத் தாமதமாக வருவோருக்கு இம்முறை இல்லாதது நம் போன்றோர் செய்த புண்ணியம்!

சோம்பிய பிள்ளைக்கு இதனினும் பெரிய தண்டனைகள் உண்டு. இரு கைகளையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுதலையும், ஓயாமல் உட்கார்ந்து எழச் செய்தலையும் காம்ப்பெல் குறிக்கிறார். முன்னதை நம்மவர் கோதண்டம் என்பர். பின்னது தோப்புக்கரணம், அதனை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அவ்வறிக்கை தண்டனையோடு நின்றுவிடவில்லை. மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை அவர் மனமாரப் பாராட்டி, இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகும் என்றும் எழுதினார். அம்மூத்த பிள்ளையே சட்டாம்பிள்ளை. ஆசிரியர் ஒருவரே, பிள்ளைகளோ பல நிலையினர். மணலில் விரல் வைக்கும் குழந்தைக்கு அகரம் காட்டுபவன் அவனே. பாடம் ஒப்புவிக்கக் கேட்பவனும், வராத பிள்ளையை நாலு பேரோடு சென்று கையும் காலும் பிடித்துத் தூக்கி வருபவனும் அவனே. நாம் குடிவந்துள்ள இவ்வங்க நாட்டின் பழைய பாட்சாலாக்களிலும் அவனைப் போன்ற ஒருவன் இருந்தான். ‘சர்தார் போடோ’ என்பது அவன் பெயர்.

இங்கிலாந்து பின்பற்றியது என்றோமே, அது நடந்த விதம் இது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்து, 1789 முதல் எழும்பூரில் படைவீரரின் ஆண்மக்களுக்கென அமைந்த அநாதைப் பள்ளியை மேற்பார்த்து வந்தார். ஒரு நாள் காலை குதிரைமேல் செல்லும்பொழுது, நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறே செய்யப் பணித்தபொழுது உதவியாசிரியர்கள் மனமொப்பவில்லை. பெல் மனம் தளராமல், ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அவ்வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் செய்துகாட்டினான். அதன்பின் பள்ளி முழுவதையும் பிள்ளைகளைக் கொண்டே நடத்தினார். ஒழுங்கு தவறுவோர் பெயரை ஒரு கறுப்புப் புத்தகத்தில் எழுதுவது அங்கே வழக்கம். வாரம் ஒருமுறை பள்ளியே கூடும். பிள்ளைகளில் சிலர் ஜூரிகளாக அமர்ந்து குற்றத்தை விசாரிப்பர். பிரம்படி மிகுந்திருந்த அக்காலத்தில் இது புதுமையன்றோ!

பெல் 1796இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டே இதனை நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஜோசப் லங்காஸ்டர் என்பவர் லண்டனில் இதையொத்த பள்ளிகளை நடத்தினார். அவர் பிரம்பை வெறுத்தவர். ஆயினும் குற்றம் செய்த பையனைக் கூடையிலிட்டுக் கூரையில் தொங்கவிட்டார்! நம் கோதண்டம் கடல் கடந்ததோ, அல்லது எல்லா நாட்டு வாத்தியார்களுக்கும் ஒரே யோசனை தோன்றுமோ, அறியோம். பெல் அளித்த பொருளால் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளி, ‘மெட்ராஸ் கல்லூரி’ என்ற பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

ஆக, நம்மிடமிருந்து வெளிநாட்டார் எடுத்துச் சென்றது சட்டாம்பிள்ளையை. நாம் பெருமையாக நினைவில் வைத்திருப்பதோ பிரம்பை. “கண்ணை விட்டுவிட்டு மற்றதை உரித்துவிடுங்கள்” என்று பிள்ளையை ஒப்படைத்த தந்தையரைப் புகழாத கூட்டம் நம் காலனியில் உண்டா? 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் ஒருங்கே விலக்கிவிட்டது. 2010 ஏப்ரல் முதல் நாளிலிருந்து அது நடைமுறையில் உள்ளது. பெரியவரின் வருத்தம் அதைப் பற்றியதே.

சட்டாம்பிள்ளையையும் நாம் அளவுக்கு மீறிப் புகழ்வதற்கில்லை. அப்பதவியை நாமும் வகித்திருக்கிறோம். நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படித்தபொழுது வகுப்புத் தலைவன் என்ற பெயரில் கரும்பலகையருகே நிறுத்தப்பட்டோம். ஆசிரியர் வரும்வரை பேசுவோர் பெயரை எழுதிவைக்க வேண்டும். எழுதப்பட்டவனுக்கு அடி நிச்சயம். முந்தின நாள் கோலியாட்டத்தில் நம்மை ஏமாற்றிய நண்பன் ஒருவன் அன்று வாய் திறக்கவேயில்லை. அவன் பெயரைத்தான் முதலில் எழுதினோம். அவன் மறுத்துச் சொன்னான். பலகையில் எழுதியிருப்பதே சாட்சி என்றார் ஆசிரியர். ஆறடி விழுந்தது. நாம் சாக்குத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாளா நின்றோம். எழும்பூரிலோ, பெயர் புத்தகத்தில் ஏறிய பிறகும் விசாரணை என்று ஒன்று இருந்தது.

அந்நண்பரை இரண்டாண்டுகளுக்கு முன் விடுமுறையில் ஊருக்குச் சென்றபொழுது சந்தித்தோம். அன்று அடித்த ஆசிரியரைப் பற்றி அவர் அன்போடு பேசினார். பின்னர் நம் கையைப் பற்றிக்கொண்டு, “உன் எழுத்து அப்போது முத்து முத்தாக இருக்குமடா, பலகையில் என் பெயரை அத்தனை அழகாக வேறு யாரும் எழுதியதில்லை” என்று சொல்லிச் சிரித்தார். நாம் காபியைக் குடித்துவிட்டு எழுந்தோம்.