ஆனுபூர்வி ஏடும் குலங்களின் பெருக்கமும்

மார்வாடி, குஜராத்திச் சமண அன்பர்களின் வீடுகளில் 'ஆனுபூர்வி' என்ற சிற்றேடு இருக்கும். என்னிடம் உள்ளது குப்பம் கடைத்தெரு நண்பர் ஒருவர் தந்தது. பக்கம் பக்கமாக வெறும் எண்கள்தான். 1 என்றால் அருகர், 2 சித்தர், 3 ஆசாரியர், 4 உபாத்தியாயர், 5 சாதுக்கள். மனம் அலையாமலிருக்க ஐவர் வணக்கத்தையும் வரிசை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும்.

ஐந்தை வரிசைப்படுத்தும் வழிகள் 120. ஏட்டில் 20 கட்டங்கள், கட்டத்துக்கு 6 வரிகள். ஒரு கட்டத்துக்குள் கடைசி இரண்டு எண்கள் அசையா. முதல் மூன்று மட்டும் இடம் மாறும்.

எண்ணும் வித்தை நமக்குப் பழையது. அனுயோகத்துவார சூத்திரம் ஆறு திரவியங்களின் வரிசைகளைச் சொல்கையில், ஒன்று முதல் ஆறு வரை பெருக்கி, நேர்வரிசையையும் தலைகீழ் வரிசையையும் கழித்து 718 என்கிறது. சுமார் 850-இல், அமோகவர்ஷன் காலத்தில், மகாவீராசாரியர் 'கணிதசார சங்கிரக'த்தில், பலவற்றிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும் வழிகளுக்குப் பொதுவிதியே கொடுத்தார். அந்நூலைப் பாவுலூரி மல்லனர் 11-ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் தந்தார், எம். ரங்காசாரியார் பதிப்பு 1912-இல் சென்னையில் அச்சானது.

ஆனால் எண்ணுவது வேறு, 'குலம்' வேறு. (சாதிக் குலம் இல்லைங்க, கணக்குக் குலம்.) ஒரு மாற்றத்தின்மேல் இன்னொன்றைச் செய்தாலும் அதே கூட்டத்துக்குள் நிற்க வேண்டும், செய்ததைத் திருப்பவும் முடிய வேண்டும். 1832-இல் இருபது வயதில் மாண்ட பிரெஞ்சு இளைஞர் கால்வா கண்ட வழி இது. நம் முன்னோர் இதையும் அறிந்தார்கள் என்று சிலர் மேடையில் சொல்வதை நான் ஒப்புவதில்லை.

ஏட்டின் 6 வரிகள், முதல் மூன்று இடங்களை மட்டும் கலைக்கும் ஓர் உட்குலம். 20 கட்டங்களுக்கும் அப்படி ஒன்று உண்டா? உண்டு. 1 2 3 4 5 என்று எழுதி, ஒவ்வொன்றையும் 1 முதல் 4 வரை ஏதாவதொன்றால் பெருக்குங்கள். 0 முதல் 4 வரை ஏதாவதொன்றைக் கூட்டுங்கள். 5-ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள், மீதி 0 வந்தால் 5 என்று போடுங்கள். இரண்டால் பெருக்கி ஒன்றும் கூட்டாவிட்டால் 2 4 1 3 5. இப்படி 4 × 5 = 20 வரிசைகள். அவற்றின் கடைசி இரண்டு எண்கள் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கும், கட்டத்துக்கு ஒரு வரிசை. இந்த இருபதும் ஒரு குலம்! ஆகவே 120-இல் எதை எடுத்தாலும், இருபதில் ஒன்று, ஆறில் ஒன்று என்று ஒரே விதமாகப் பிரியும்.

முடிவுள்ள எந்தக் குலம் இப்படி இரு உட்குலங்களின் பெருக்கமாகும் என்பது பெரிய ஆராய்ச்சி. 1955-இல் ஜப்பானியர் நொபோரு இத்தோ அதில் ஒரு முக்கியத் தேற்றம் தந்தார். 1990-இல் லீபெக், பிரேகர், சாக்சல் மூவரும் எளிய குலங்களின் பிரிப்புகளை நூலாகவே வகைப்படுத்தினார்கள்.

இதே ஏட்டை ஆறு திரவியங்களுக்குப் போட்டால் 30 கட்டம், கட்டத்துக்கு 24 வரி. கணக்கு 720 சரியாகத்தான் வரும். குலமாகப் பிரியாது. 30 உறுப்புள்ள எந்தக் குலத்திலும் 15 தடவை செய்தால்தான் பழைய நிலைக்குத் திரும்பும் ஒரு மாற்றம் இருந்தாக வேண்டும். அதற்கு மூன்றின் சுற்று ஒன்றும் ஐந்தின் சுற்று ஒன்றும், குறைந்தது எட்டுப் பொருள்கள் தேவை. திரவியமோ ஆறுதான்.