மக்களின் மருத்துவர் டாக்டர் பி. சி. ராய்

தனி மனிதனின் பிணியைத் தீர்ப்பது மருத்துவம். சமுதாயத்தின் பிணியைத் தீர்க்க முயல்வது ஆட்சி. முன்னதில் கைதேர்ந்த ஒருவர் பின்னதிலும் வெற்றி காண இயலுமா? இவ்வினாவிற்கு விடை காண விழைவோமாயின், டாக்டர் பிதான் சந்திர ராயின் வாழ்க்கையை நாம் நோக்குதல் தகும்.

1882-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் பாட்னாவைச் சார்ந்த பாங்கிப்பூரில் ராய் பிறந்தார். கணிதத்தில் பட்டம் பெற்ற பின், 1901-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1909-இல் 1,200 ரூபாயுடன் லண்டன் சென்றார். அங்கே செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் கல்லூரி, ஆசிய நாட்டவர் என்பதால் அவருக்கு இடமளிக்க மறுத்தது. அவர் மனம் தளராது மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். முப்பது முறை விண்ணப்பித்தார் என்பர். இறுதியில் இடம் கிடைத்தது. இரண்டேகால் ஆண்டுகளில், மருத்துவத்தில் எம்.ஆர்.சி.பி., ரண சிகிச்சையில் எஃப்.ஆர்.சி.எஸ். என்னும் உயர்ந்த தகுதிகள் இரண்டையும் பெற்று, 1911-இல் தாயகம் திரும்பினார்.

கல்கத்தாவில் மருத்துவ ஆசிரியராகவும் சிகிச்சை நிபுணராகவும் அவர் பெரும்புகழ் எய்தினார். ஆயினும், நோய் வந்தபின் மருந்து கொடுப்பதோடு தம் கடமை முடிந்ததாக அவர் கருதவில்லை. 1923-இல் பாரக்பூர் தொகுதியில், முதுபெருந்தலைவர் சுரேந்திரநாத் பானர்ஜியை வென்று வங்காளச் சட்டசபையில் அமர்ந்தார். ஹூக்ளி நதி மாசுபடுவதன் காரணங்களை ஆராய்ந்து பரிகாரம் காண வேண்டுமென 1925-இல் அவர் கொணர்ந்த தீர்மானம் நம் கருத்திற்குரியது. நதிநீர் கெட்டால் நகரமே நோயுறும். ஆகவே நோயின் மூலத்தை நாட வேண்டும் என்னும் மருத்துவரின் நோக்கு சட்டசபையிலும் அவரை விட்டு நீங்கவில்லை. தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் நாட்டிற்கு அளித்த இல்லத்தில், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சித்தரஞ்சன் சேவா சதனம் 1926-இல் தோன்றியதும் அவருடைய முயற்சியாலேயே. தாய்மார் நலமுற்றாலன்றிச் சுயராஜ்யம் பொருளற்றது என்பது அவர் கொள்கை.

பின்னர் கல்கத்தாவின் மேயராகவும் அவர் பணிபுரிந்தார். 1942-இல் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தரானார். அவ்வாண்டு ரங்கூன் வீழ்ந்தது. டிசம்பரில் கல்கத்தாவின் மீதும் குண்டுகள் விழுந்தன. அச்சம் மிகுந்த அந்நாளிலும் கல்வி தடைப்படலாகாது என்று கருதி, மாணவர்களுக்குப் பாதுகாப்பிடங்கள் அமைக்கச் செய்தார். 1944-இல் அப்பல்கலைக் கழகம் அவருக்கு விஞ்ஞான டாக்டர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது.

1948 ஜனவரி 23-ஆம் நாள் அவர் மேற்கு வங்காளத்தின் முதல் மந்திரியானார். மருத்துவத் தொழிலிலேயே நிலைத்திருக்க விரும்பிய அவரை இணங்கச் செய்தது காந்தியடிகளின் அறிவுரை. அப்போது ராஜ்யம் இருந்த நிலை யாது? பிரிவினை நிலத்தைப் பிளந்துவிட்டது. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் வந்து குவிந்தனர். சியால்டா ரயில் நிலையமே பலருக்கு வீடாயிற்று. தற்கால நிவாரணம் மட்டும் போதாது. உழைப்பதற்குத் தொழிலும் வாழ்வதற்கு ஊரும் வேண்டுமென அவர் கண்டார். துர்க்காபூர் தொழில் நகரமாக உருப்பெற்றது. போர்க்காலத்தில் அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த நிலத்தில் கல்யாணி நகரம் எழுந்தது. கல்கத்தாவின் கிழக்கே உவர்நிலத்தில் புதியதொரு நகரமும் திட்டமிடப்பட்டது. பிதான்நகர் என்று இன்று அவர் பெயரையே அது தாங்கி நிற்கிறது.

எனினும், ஆட்சி முற்றிலும் மருத்துவத்தைப் போன்றதன்று. நோயாளி மருத்துவரின் சொல்லை நம்பி மருந்தை ஏற்கிறான். குடிமகனோ காரணம் கேட்கிறான், மறுக்கவும் உரிமை உடையவன். வங்காளத்தையும் பீகாரையும் இணைக்க 1956-இல் ராய் முன்வைத்த யோசனையை மக்கள் ஏற்கவில்லை. இடைத்தேர்தலில் அவர்களுடைய தீர்ப்பை அறிந்ததும், அவர் அதனைக் கைவிட்டார். ஆனால் 1959 ஆகஸ்டு இறுதியில், உணவு கோரித் தலைநகரில் திரண்ட மக்கள்மீது போலீசார் தாக்குதல் நடத்தினர், பலர் மாண்டனர். பசித்தவனின் குரலையும் நோயின் அறிகுறியாகக் கொண்டு கேட்டிருக்க வேண்டிய ஆட்சி அன்று தவறியது. அவருடைய புகழைப் பாடுவோர் இதனை மறைத்தலாகாது.

இத்துணைப் பொறுப்புகளுக்கிடையிலும், நாள்தோறும் காலையில் ஏழை நோயாளிகளை இலவசமாகப் பரிசோதிக்கும் வழக்கத்தை அவர் விடவில்லை. முதல் மந்திரியிடம் மனுக் கொடுக்க வந்தவர்களல்லர் அவர்கள். மருத்துவரிடம் தம் நோவைச் சொல்ல வந்தவர்கள். கோப்புகளில் எண்ணாகிப்போகும் மக்களை, அவர் ஒவ்வொரு காலையிலும் முகமுகமாகக் கண்டார்.

1961-இல் அவருக்குப் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது. தம் இல்லத்தை, அன்னையார் அகோர்காமினி தேவியின் பெயரால் மருத்துவமனை நடத்துவதற்கு அவர் வழங்கினார். 1962 ஜூலை முதல் நாள், தமது எண்பதாவது பிறந்த நாளன்றே மறைந்தார். 1991 முதல் அந்நாளை நம் நாடு மருத்துவர் தினமாகக் கொண்டாடி வருகிறது.

மருத்துவர் ஆட்சியில் வெற்றி காண இயலுமா என்று தொடக்கத்தில் வினவினோம். நோயின் மூலத்தை நாடிய இடங்களில் ராய் வென்றார்; நோயாளியின் சொல்லுக்குச் செவிசாய்க்காத இடத்தில் ஆட்சி தோற்றது. மருத்துவர்க்கும் மந்திரிக்கும் பொதுவான பாடம் இதுவே.