ராணி பாக்: பெயர்களும் விலங்குகளும்

மும்பை பைகுல்லாவின் விலங்குக்காட்சிச்சாலை 1862இல் விக்டோரியா அரசியின் பெயரில் தாவரவியல் தோட்டமாகத் திறக்கப்பட்டது. விலங்குகள் பின்னர் வந்தவை. இன்று அதன் அதிகாரப்பூர்வப் பெயர் சிவாஜியின் தாயான ஜீஜாபாயைக் குறிக்கிறது. எனினும் மக்கள் வழக்கில் அது ‘ராணி பாக்’ தான்.

இவ்வளாகத்தின் வரலாற்றை உயிரற்ற இரு விலங்குகளும் உரைக்கின்றன. ஒன்று, காராபுரித் தீவின் கல்யானை. போர்த்துகீசியர் அத்தீவை ‘எலிபெண்டா’ என்றழைக்கக் காரணமானது இதுவே. 1864இல் இங்கிலாந்துக்கு அனுப்ப முயன்றபோது பாரந்தூக்கி முறிந்து, சிற்பம் சிதறியது. துண்டுகள் 1914இல் இங்கே பொருத்தப்பட்டன. இன்று தோட்டத்தை ஒட்டிய பாவ் தாஜி லாட் அருங்காட்சியகத்தின் வெளியே நிற்கிறது.

மற்றொன்று, பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசரைச் சுமக்கும் குதிரை. 1879இல் நிறுவப்பட்ட அச்சிலை, 1965இல் அகற்றப்பட்டு இங்கு வந்தது. அது நின்ற பகுதி இன்றும் ‘காலா கோடா’, அதாவது கறுப்புக் குதிரை. 2017இல் அங்கே புதிய குதிரைச் சிலை வைக்கப்பட்டது. அதன் முதுகில் எவரும் இல்லை. மக்கள் இட்ட பெயரிலோ தொடக்கம் முதலே குதிரை மட்டும்தான் இருந்தது, இளவரசர் இல்லை.

சிலைகளை ஆட்சிகள் இடம்பெயர்த்தன. பெயர்களை மக்களின் நாவே காத்தது. நகர வரலாற்றை எழுதுவோர் ஆவணங்களோடு அந்த நாவையும் சான்றாகக் கொள்ள வேண்டும்.