பிரிட்டிஷ் இந்தியாவில் பத்திரிகைத் தணிக்கைச் சட்டங்கள்

இந்தியாவில் பத்திரிகைகளுக்கு எதிரான முதல் முழுமையான விதிகளை 1799இல் வெல்லெஸ்லி பிரபு கொண்டுவந்தார். பிரெஞ்சுப் படையெடுப்பு அச்சம் நிலவிய காலம் அது. அரசின் செயலாளர் பார்க்காமல் எதையும் அச்சிடக் கூடாது. அச்சிடுபவர், ஆசிரியர், உரிமையாளர் பெயர்கள் அரசுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1818இல் ஹேஸ்டிங்ஸ் பிரபு முன்தணிக்கையை நீக்கினார். 1823இல் தற்காலிகக் கவர்னர் ஜெனரல் ஜான் ஆடம் லைசென்ஸ் முறையைப் புகுத்தினார்; ‘கல்கத்தா ஜர்னல்’ ஆசிரியர் பக்கிங்ஹாம் நாடு கடத்தப்பட்டார்; ராம்மோகன் ராய் தம் பாரசீக இதழையே நிறுத்தி எதிர்ப்புக் காட்டினார். 1835இல் மெட்கால்ஃப் அந்த முறையை நீக்கினார். 1857 கிளர்ச்சியின்போது ஓராண்டுக்கு மட்டும் அது திரும்பி வந்தது.

1867ஆம் ஆண்டின் பத்திரிகை, நூல் பதிவுச் சட்டம் எதையும் தடை செய்யவில்லை. அச்சிடுபவரும் வெளியிடுபவரும் மாஜிஸ்திரேட் முன் உறுதிமொழி தர வேண்டும் என்றது, அவ்வளவுதான். ஆனால் தண்டிக்க ஒரு பெயர் எப்போதும் அரசின் கையில் இருந்தது. 1870இல் ராஜத்துரோகப் பிரிவு 124ஏ தண்டனைச் சட்டத்தில் சேர்ந்ததும் அந்தப் பெயருக்கு வேலை வந்தது. 1908இல் ‘இந்தியா’ வார இதழில் எழுதியவர் பாரதி. சிறை சென்றவர் பதிவேட்டில் ஆசிரியராக இருந்த சீனிவாசன். பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போனார். இதழும் அங்கே போனது.

லிட்டன் பிரபுவின் 1878ஆம் ஆண்டுத் தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம் ஆங்கில ஏடுகளைத் தொடவில்லை. இந்திய மொழி ஏடுகளிடம் மாஜிஸ்திரேட் ஜாமீன் தொகை கேட்கலாம். நீதிமன்றத்தில் மேல்முறையீடு கிடையாது. வங்காளியிலும் ஆங்கிலத்திலும் வந்துகொண்டிருந்த ‘அமிர்த பஜார் பத்திரிகா’ முழு ஆங்கில ஏடாக மாறித் தப்பியது. ரிப்பன் பிரபு 1882இல் இச்சட்டத்தை ரத்து செய்தார்.

இவற்றுள் மிகக் கொடியது 1910ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டமே. புதிய அச்சகத்திடம் 500 முதல் 2,000 ரூபாய் வரையும், பழைய அச்சகத்திடம் 5,000 வரையும் ஜாமீன் கேட்கலாம். அது பறிமுதலானால் அடுத்த ஜாமீன் 10,000 வரை போகலாம். மறுபடியும் தவறினால் அச்சகமே போய்விடும். குற்றத்தின் வரையறையும் எல்லையற்றது. நேராகச் சொன்னால்தான் என்றில்லை, உவமையாகவோ குறிப்பாகவோ வெறுப்பைத் தூண்டக்கூடுமானால் போதும். உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் எழுத்து அந்த வகையைச் சேராது என்று நிரூபிக்கும் பாரம் முறையிட்டவர் தலையில். 1913இல் பத்திரிகையாளர் முகம்மது அலியின் வழக்கில் கல்கத்தா தலைமை நீதிபதி ஜென்கின்ஸ் சட்டத்தின் அளவுகடந்த வீச்சைச் சுட்டிக்காட்டிவிட்டு, வேறு வழியின்றி மனுவைத் தள்ளுபடி செய்தார். 1916இல் சென்னையில் அன்னி பெசன்டின் ‘நியூ இந்தியா’ கட்டிய 2,000 ரூபாய் பறிபோனது. பிறகு 10,000 கட்டினார். மேல்முறையீட்டில் லண்டன் பிரிவி கவுன்சிலும் கைவிட்டது. பணமுள்ளவர் வழக்காடினார், சிற்றூர் அச்சகத்துக்காரருக்கோ அந்தத் தொகை வாழ்நாள் சேமிப்பு. அரசு அதிகாரி கைவைக்கும் முன்பே அவர் தாமாகவே வரிகளை வெட்டினார். தணிக்கை அலுவலகத்தை விட இது அரசுக்கு மலிவான ஏற்பாடு, அதனாலேயே கொடுமையானது.

தேஜ் பகதூர் சாப்ரு தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி இச்சட்டம் 1922இல் நீங்கியது. சட்டமறுப்பு இயக்கத்தை ஒடுக்க வந்த 1931ஆம் ஆண்டின் அவசர அதிகாரச் சட்டம் ஜாமீனைத் திரும்பக் கொண்டுவந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் நீடித்தது. 1951இல் அதற்குப் பதிலாக வந்த சட்டத்திலும் ஜாமீன் இருந்தது, கேட்கும் அதிகாரம் மட்டும் செஷன்ஸ் நீதிபதியிடம் போனது. அது 1956இல் காலாவதியானது. 1867ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 2024 மார்ச் வரை நடைமுறையில் இருந்தது.