பிராண்டன் ஊரின் துப்பாக்கிக் கற்கள்

குழலின் வாய்வழியே கரிமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியில், குதிரையின் வாய் கவ்வியிருக்கும் சிக்கிமுக்கிக்கல் ஒரு சிறிய உறுப்புதான். விசையை இழுத்ததும் கல் எஃகுத் தகட்டில் உரசும். பொறி பறந்து கிண்ணத்து மருந்து பற்றும். கல்லின் விளிம்பு விரைவில் மழுங்கிவிடும். சில பத்து வேட்டுகளுக்கு ஒருமுறையேனும் அதை மாற்றியாக வேண்டும். நெப்போலியனோடு பிரிட்டன் பொருதிய ஆண்டுகளில் அந்நாட்டுப் படைக்கு வேண்டிய கற்களில் பெரும்பங்கைக் கொடுத்தது கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்துச் சிற்றூரான பிராண்டன்.

ஊருக்கு அருகே லிங்ஹீத் என்ற பொட்டலில் சுண்ணப்பாறையைக் குடைந்து கல் எடுத்தார்கள். ஆழத்தில் கிடைக்கும் கறுத்த கல்லே உயர்ந்தது. குழிக்குள் ஏணி கிடையாது. திசை மாற்றி வெட்டிய திட்டுகளே படிகள். வெளிச்சத்துக்கு மெழுகுவத்தி.

மீதி வேலை ஊருக்குள், பெரும்பாலும் வீட்டுக் கொல்லையில் இருந்த கொட்டகைகளில் நடந்தது. ஈரக்கல் சொன்னபடி உடையாது என்பதால் முதலில் அதை உலர்த்துவார்கள். பிறகு தோல் கட்டிய தொடைமேல் பாறையை வைத்துச் சுத்தியலால் பிளப்பார்கள். பிளந்த துண்டிலிருந்து நீண்ட தகடுகளை உரித்தெடுப்பதே தொழிலின் உயிர்நாடி. அடி விழும் இடம் சற்றுத் தவறினாலும் தகடு வீண். பல ஆண்டுப் பழக்கம் இல்லாமல் அது கைவராது. மரக்கட்டையில் நட்ட இரும்பு முளைமேல் தகட்டை வைத்து, மெல்லிய சுத்தியலால் சதுரமாக நறுக்குவது கடைசி வேலை. இந்தச் சுத்தியலைத் தேய்ந்த அரத்திலிருந்தே செய்துகொண்டார்கள். தேர்ந்த கையால் மணிக்கு ஏறத்தாழ 300 கற்களை நறுக்க முடிந்தது. கைத்துப்பாக்கிக்கு ஓர் அளவு, படைத்துப்பாக்கிக்கு வேறோர் அளவு.

1879-இல் நிலவியல் ஆய்வாளர் சிட்னி ஸ்கெர்ட்ச்லி இத்தொழிலைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டார். சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்ற புதிய கற்காலச் சுரங்கங்களின் மரபே அறுபடாமல் பிராண்டனுக்கு வந்தது என்று அவர் கருதினார். கேட்க இனிய கருத்துதான்; ஆனால் இடையில் கிடக்கும் ஆயிரமாயிரம் ஆண்டுகளை இணைக்கச் சான்று இல்லை. அவர் பதிந்துவைத்த வேலைமுறைகளோ இன்றும் விலைமதிப்பற்றவை.

மூடிய கொட்டகையில் பறந்த கல்தூசி நுரையீரலை அரித்தது. சிலிகோசிஸ் நோயால் பல தொழிலாளர்கள் இளவயதிலேயே இறந்தார்கள். அழகிய கைத்திறன் என்று இத்தொழிலைப் போற்றும்போது இந்த இழப்பை மறைப்பது அநீதி.

1840-களில் பிரிட்டிஷ் படை சிக்கிமுக்கிக்கல் தேவைப்படாத தொப்பிவெடிக்கு மாறியது. பிராண்டனின் பெரிய சந்தை போயிற்று. ஆப்பிரிக்காவுக்கான ஏற்றுமதி தொழிலை 20-ஆம் நூற்றாண்டு வரை தாங்கிப் பிடித்தது. சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னரும், பழைய துப்பாக்கி சுடும் ஆர்வலர்களுக்காக ஒரு சிலர் கல் நறுக்கி வந்தார்கள்.